ஒரு மணித்தியாலத்தின் விலை

கொழும்பில் தனியார் பஸ் வண்டியொன்றில் ஏறுகின்றவர் நடத்துனரின் கையில் காசைக் கொடுப்பார். மிகுதிக் காசு சில வேளைகளில் உடனே வரும். சில வேளைகளில் இறங்கும்போது தருவதாகச் சொல்லப்படும். பயணச்சீட்டு மாத்திரம் பெரும்பாலும் வராது. கேட்டு வாங்குகின்றவரை நடத்துனர் மட்டுமன்றிப் பக்கத்தில் நிற்கும் பயணிகளும் ஒரு விசித்திரப் பிறவியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். பயணச்சீட்டைக் கட்டாயமாக்கும் அறிவித்தல்கள் என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ தடவைகள் வந்திருக்கின்றன. அவற்றுட் சிலவற்றை நானே செய்தியாக எழுதியிருக்கிறேன்.

இதனைப் பலரும் உரிமையாளருக்கும் நடத்துனருக்கும் இடையிலான காசு விவகாரமாகவே நோக்குவர். நாளொன்றுக்கு இவ்வளவு தரவேண்டும் என்று ஒரு தொகையைப் பேசிக்கொண்டு உரிமையாளர் வண்டியைக் கொடுத்துவிடுகிறார். அதற்கு மேல் உழைப்பது சாரதிக்கும் நடத்துனருக்கும். இந்த ஏற்பாட்டிலே பயணச்சீட்டுக்கு வேலையே இல்லை. எனக்கோ அந்தச் சிறு கடதாசித் துண்டின் மீதுள்ள அக்கறை வேறு. ஒருவர் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், எத்தனை மணிக்குப் பயணம் செய்தார் என்பதற்கு எஞ்சக்கூடிய எழுத்துச் சாட்சி அது. அது இல்லாதபோது நாள்தோறும் இலட்சக்கணக்கான மனிதர்களின் போக்குவரத்து எந்தத் தடயமும் இன்றி மாலையில் கரைந்து போகிறது. மறுநாள் காலையில் அமைச்சிலே கூடியிருந்து பஸ் சேவையைச் சீர்திருத்தப் போகின்றவர்கள் எதை வைத்துக்கொண்டு சீர்திருத்துவார்கள்?

போக்குவரத்துத் துறை எனக்கு விரும்பிக் கிடைத்ததன்று. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கலைமாணிப் பட்டத்துடன் பத்திரிகைக்கு வந்தபோது மூத்தவர்கள் பாராளுமன்றத்தையும் பாதுகாப்பு நிலைமைகளையும் பார்த்துக்கொண்டார்கள். எஞ்சியிருந்த அமைச்சுகளில் ஒன்று எனக்குத் தரப்பட்டது. பத்திரிகையாளர் மாநாடுகளில் ஒரு வழக்கத்தை விரைவிலேயே கவனித்தேன். சுவரிலே ஒரு வரைபடம் தொங்கும். வீதியின் நீளம் சொல்லப்படும், செலவு சொல்லப்படும், கடன் தரும் நாட்டின் பெயர் சொல்லப்படும், திறந்துவைக்கும் ஆண்டு சொல்லப்படும். அவ்வழியால் இப்போது எத்தனை பேர் போகிறார்கள், அவர்கள் எதிலே போகிறார்கள், இதனால் அவர்களுக்கு எவ்வளவு மிச்சம் என்பது சொல்லப்படுவதில்லை. கேட்டால், "அதெல்லாம் சாத்தியவள அறிக்கையிலே இருக்கிறது" என்பார்கள். அறிக்கையைக் கேட்டால் புன்னகைப்பார்கள்.

இருக்கின்ற எண்களும் பல வேளைகளில் வேறொன்றைச் சொல்கின்றவை. இலங்கையில் பதிவுசெய்யப்பட்ட மோட்டார் வாகனங்களின் தொகை 2020 அளவில் 80 இலட்சத்தைத் தாண்டியது. இந்த எண்ணைத் தலைப்பில் போட்டு எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் அது பதிவேட்டிலே ஆண்டாண்டாகச் சேர்ந்துகொண்டே வந்த மொத்தம். உடைத்து இரும்புக்கு விற்கப்பட்டவை, கொட்டிலிலே துருப்பிடித்துக் கிடப்பவை, போரிலே எரிந்தவை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. உண்மையில் வீதியில் ஓடுகின்ற வண்டிகளின் தொகை அதைவிடப் பல இலட்சம் குறைவு. வாகன நெரிசலுக்குத் தீர்வு காணப் புறப்படுகின்ற நாடு இறந்த வாகனங்களையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருக்கிறது.

எல்லாமே இருட்டு என்று சொல்வது நியாயமாகாது. பஸ் கட்டணத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. 2002 ஆம் ஆண்டு முதல் டீசல், டயர், உதிரிப்பாகம், சாரதி நடத்துனர் சம்பளம், வண்டியின் தேய்மானம், கடன் வட்டி என்பன உள்ளிட்ட 12 செலவினங்களின் ஏற்ற இறக்கத்தைக் கணித்து ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் கட்டணத்தைத் திருத்துவது என்று கொள்கை வகுக்கப்பட்டது. அதற்கு முன்னர் கட்டண உயர்வு என்பது வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை, தேர்தல் ஆகிய மூன்றுக்கும் இடையில் நடக்கின்ற ஒரு கயிறிழுப்பு. சூத்திரம் வந்த பின்னர் கயிறிழுப்பு நின்றுவிடவில்லை. ஆயினும் இழுப்பவர்கள் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டியதாயிற்று. 2022 ஜனவரியில் 17 ரூபாவாக்கப்பட்ட ஆகக் குறைந்த கட்டணம் அவ்வாண்டு ஜூலை முதலாந் திகதி 40 ரூபாவாகியது. எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டிருந்த அந்த மாதங்களில்கூட, அந்த உயர்வு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் தாளில் போட்டுப் பார்க்கக்கூடியதாக இருந்தது. டீசல் விலை இறங்கியபோது அதே சூத்திரத்தைக் காட்டியே கட்டணத்தைக் குறைக்கும்படி கேட்கவும் முடிந்தது. ஒரு கணக்குப் பொதுவெளியில் இருப்பதால் வரும் நன்மை இதுதான்.

ஆனால் அந்த 12 செலவினங்களையும் ஒரு தடவை திரும்பப் பாருங்கள். அவை எல்லாம் வண்டியின் செலவுகள். மிதிபலகையில் ஒரு காலை வைத்துத் தொங்குகின்றவரின் செலவு அதிலே இல்லை. தரிப்பிடத்தில் முக்கால் மணித்தியாலம் நின்ற கர்ப்பிணியின் செலவும் இல்லை. உரிமையாளருக்குத் தேவையான தரவு சேர்ந்துவிட்டது, ஏனெனில் அதைக் கேட்பதற்கு அவருக்குச் சங்கம் இருக்கிறது.

இந்த இடத்தில் இலகு ரயில் திட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் போக முடியாது. மாலபேயில் இருந்து பத்தரமுல்லை, ராஜகிரிய வழியாகக் கொழும்புக்குள் நுழைகின்ற பாதையில் 177 ஆம் இலக்கப் பஸ்ஸில் காலை வேளையிலே வந்திருப்பவர்களுக்கு அந்தத் திட்டம் எதற்காக என்று விளக்கத் தேவையில்லை. மாலபேயில் இருந்து கோட்டை வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தூரத்துக்குத் தூண்களின் மேல் மின்சார ரயில், 16 நிலையங்கள். ஜப்பானின் ஜய்க்கா நிறுவனம் 2019 மார்ச்சில் முதற்கட்டமாக 3,004 கோடி யென் கடனுக்கு ஒப்பந்தம் செய்தது. வட்டி ஆண்டுக்கு 0.1 வீதம், திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகள், அதில் முதல் 12 ஆண்டுகள் சலுகைக் காலம். 2020 செப்டெம்பரில் ஜனாதிபதி செயலகத்தில் இருந்து போன ஒரு கடிதம் அதனை முடித்துவைத்தது. செலவு மிக அதிகம், கொழும்பு நகருக்குச் செலவுச் சிக்கனமான தீர்வு இதுவல்ல என்பது சொல்லப்பட்ட காரணம்.

அந்த ரயில் கட்டப்பட்டேயிருக்க வேண்டும் என்று நான் வாதிட வரவில்லை. ஜப்பானியக் கடனின் வட்டி மலிவு என்றாலும் பொருட்களையும் ஒப்பந்தகாரரையும் பெரும்பாலும் அந்நாட்டிலிருந்தே எடுக்கவேண்டும் என்ற நிபந்தனையும் அத்தகைய கடன்களோடு வருகிறது. அதே பாதையில் பஸ்களுக்கென ஒரு தனி ஒழுங்கையை ஒதுக்கினால் மிகக் குறைந்த செலவில் பாதிப் பலனாவது கிடைத்திருக்கும் என்று சொல்லக்கூடிய பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் "செலவு அதிகம்" என்பது ஒரு வாக்கியத்தின் முற்பாதி மாத்திரமே. எதனோடு ஒப்பிடும்போது அதிகம்? எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் எந்தப் பயனோடு ஒப்பிடும்போது? கட்டுவதற்கான தீர்மானத்துக்குப் பின்னால் பல ஆண்டு ஆய்வு இருந்தது. நிறுத்துவதற்கான தீர்மானத்துக்குப் பின்னால் இருந்த ஆய்வு பொதுமக்கள் முன் வைக்கப்படவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்தபோது, "பார்த்தீர்களா, நல்லவேளை நிறுத்தினார்கள்" என்று ஒரு நண்பர் சொன்னார். இன்னொருவர், "இப்படிப்பட்ட மலிந்த கடனை விட்டுவிட்டு விலை கூடிய கடன்களை எடுத்ததால்தானே இந்த நிலை" என்றார். இருவரையும் தீர்த்துவைக்கக்கூடிய ஒரு பக்கக் கணக்கு என் கையில் இருக்கவில்லை.

இதன் மறுபுறத்தில் மத்தளை இருக்கிறது. 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட அவ்விமான நிலையம் ஆண்டொன்றுக்கு 10 இலட்சம் பயணிகளுக்கெனக் கட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அதன் சரக்குக் களஞ்சியத்தில் நெல் மூடைகள் அடுக்கப்பட்டன. உலகின் மிக வெறுமையான சர்வதேச விமான நிலையம் என்று வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று 2016 இல் எழுதியது. அந்த 10 இலட்சமும் ஓர் எண்தான். கணக்கு என்று ஒன்றைக் காட்டுவதாலேயே அது கணக்காகிவிடாது; முடிவை முதலில் எழுதிவிட்டு மேலே உள்ள வரிகளை நிரப்புவதும் கணக்குப் போலவே தோற்றமளிக்கும்.

வண்டியின் வரவு செலவு வேறு, பொதுமக்களின் நன்மை தீமை வேறு என்ற எண்ணம் புதியதன்று. வீதிகளையும் பாலங்களையும் கட்டிய ஜூல் டூப்பியூ என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் 1844 இலேயே அதை எழுதினார். பாலத்தில் அறவிடப்படும் சுங்கப் பணம் பாலத்தின் பயனை அளவிடாது. ஒரு சதம் கொடுத்துக் கடக்கின்றவருள் பத்துச் சதம் கேட்டாலும் கொடுத்துக் கடந்திருப்பவர் இருக்கிறார், அந்த ஒன்பது சதமும் எந்தப் பெட்டியிலும் விழாத நன்மை என்பது அவருடைய தர்க்கம். நமது புகையிரதத் திணைக்களம் இவ்வளவு கோடி நட்டம் என்று ஆண்டுதோறும் செய்தி போடும்போது அந்த மனிதரை நான் நினைப்பதுண்டு. ராகமையில் இருந்தும் பாணந்துறையில் இருந்தும் காலையில் வருகின்ற புகையிரதங்கள் ஒரு வாரம் ஓடாமல் நின்றால் காலி வீதியிலும் கண்டி வீதியிலும் என்ன நடக்கும் என்பதை வேலைநிறுத்த நாட்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரில் போகின்றவர் அந்தப் புகையிரதத்துக்கு ஒரு ரூபாவும் கொடுப்பதில்லை. அதனால் அவருக்குக் கிடைக்கும் இலாபம் எந்த வரவுப் பதிவிலும் இல்லை.

இலண்டனில் விக்டோரியா பாதை எனப்படும் நிலக்கீழ் ரயில் பாதை பற்றிக் கிறிஸ்தோபர் பொஸ்டர், மைக்கேல் பீஸ்லி என்ற இரு பொருளியலாளர்கள் செய்த கணக்கு 1963 இல் வெளிவந்தது. பயணச்சீட்டு வருமானத்தை மட்டும் பார்த்தால் அது நட்டத் திட்டம். அவர்கள் மிச்சமாகும் நேரத்தையும், நெரிசல் தணிவதையும், நிற்க இடமின்றி நசுங்கிய மற்றைய பாதைகளின் பயணிகள் பெறும் ஆறுதலையும் பணமாக மாற்றிக் கூட்டினார்கள். வியப்பு என்னவெனில், நன்மையின் பெரும் பங்கு அந்த ரயிலில் ஏறவே ஏறாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பாதை கட்டுவதற்கான அனுமதி 1962 இலேயே வந்துவிட்டபடியால் கணக்குத்தான் முடிவைச் செய்தது என்று கூற முடியாது. ஆனால் அதற்குப் பின் இலண்டனில் ஒரு ரயில் பாதையை "நட்டம்" என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவது கடினமாயிற்று.

இனித்தான் சிக்கலான இடம். மிச்சமாகும் நேரத்துக்கு விலை போடவேண்டும். யாருடைய நேரம், என்ன விலை?

வழமையான முறை, ஒருவர் உழைக்கும் சம்பளத்தை வைத்து அவருடைய மணித்தியாலத்தை மதிப்பிடுவது. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பஸ் ஒன்று வீதியிலே மூன்று கார்களின் இடத்தைப் பிடிக்கிறது என்று வையுங்கள். பஸ்ஸிலே 50 பேர். தையற் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள், மாணவர். அவர்களுடைய மணித்தியாலம் சராசரியாக 150 ரூபா. மூன்று கார்களிலும் சேர்த்து 4 பேர். அவர்களுடைய மணித்தியாலம் 2,000 ரூபா. இப்போது ஒரு மணித்தியாலத்தை மிச்சப்படுத்தினால் பஸ்ஸின் நன்மை 7,500 ரூபா. கார்களின் நன்மை 8,000 ரூபா. ஆகவே வீதியில் கார்களுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்! ஐம்பது பேரை நான்கு பேர் வென்றுவிட்டார்கள். எங்கேயும் பிழையான கூட்டல் இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஏழையின் காலம் மலிவு என்ற ஒரே ஓர் எடுகோள் இரண்டாவது வரியிலே அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

இப்போது அந்த 54 பேருடைய நேரத்துக்கும் ஒரே விலை, உதாரணமாக 400 ரூபா, என்று போடுங்கள். பஸ் 20,000 ரூபா. கார்கள் 1,600 ரூபா. பேச்சு முடிந்தது; பஸ்ஸுக்குத் தனி ஒழுங்கை. இது ஏதோ இடதுசாரிக் கற்பனை என்று எண்ண வேண்டாம். பிரித்தானியாவில் அரசாங்கமே வேலைக்குப் போய்வரும் பயணங்களுக்கும் சொந்த அலுவற் பயணங்களுக்கும் செல்வர் வறியர் என்று பாராமல் நாடு முழுவதற்கும் பொதுவான மதிப்புகளையே பயன்படுத்துகிறது. அது ஓர் அரசியல் முடிவு. சம்பளத்தின்படி மதிப்பிடுவதும் அவ்வாறே ஓர் அரசியல் முடிவு. வேறுபாடு என்னவென்றால் முன்னையது சொல்லிச் செய்யப்படுகிறது.

இதே போல இன்னொன்று கழிவு வீதம். நாளைய நன்மையை இன்றைய பணத்தில் எவ்வளவாகக் கொள்வது என்ற கேள்வி அது. ஆசிய அபிவிருத்தி வங்கி நெடுங்காலமாக 12 வீதம் என்ற அளவுகோலை வைத்திருந்து 2017 இல் அதனை 9 வீதமாகக் குறைத்தது. 12 வீதத்தில், முப்பது ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் 100 ரூபா நன்மைக்கு இன்றைய பெறுமதி 3 ரூபாவும் சில சதங்களும். 6 வீதத்தில் அதே 100 ரூபா 17 ரூபாவுக்கு மேல். ரயில் பாதை நூறாண்டு இருக்கும். 1905 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த பாதையின் வழித்தடத்தில்தான் இன்றும் யாழ்தேவி ஓடுகிறது. அத்தகைய ஒன்றை 12 வீதத்தில் நிறுத்துப் பார்த்தால், ஐந்து ஆண்டுகளில் பயன் தருகின்ற ஒரு மேம்பாலத்துக்குப் பக்கத்திலே அது எப்படித் தெரியும்? ஒரு திட்டம் வெல்வதும் தோற்பதும் பின்னிணைப்பிலே பதினொராம் பக்கத்தில் உள்ள ஒரு வீதத்தில் தங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படிக்கின்ற நிருபர்கள் நம்மிடையே மிகச் சிலரே. கலைப்பீடத்தில் படித்த எனக்கு அது பழகப் பல ஆண்டுகள் எடுத்தது. ஆனால் அதற்கு வேண்டியது ஒன்பதாம் வகுப்புக் கணிதம்தான்.

எல்லாவற்றையும் பணமாக்கப் புறப்பட்டவர்கள் முட்டிக்கொண்ட சுவரும் இங்கிலாந்திலேயே இருக்கிறது. இலண்டனுக்கு மூன்றாவது விமான நிலையத்தை எங்கே அமைப்பது என்று ஆராய 1968 இல் நியமிக்கப்பட்ட றொஸ்கில் ஆணைக்குழு அந்நாள் வரை யாரும் செய்திராத அளவு விரிவான கணக்கைப் போட்டது. அக்கணக்கில் ஸ்டியூக்லி என்ற கிராமத்தின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம் அதன் தீக் காப்புறுதித் தொகையின்படி மதிப்பிடப்பட்டது. நாடே எழுந்து சிரித்தது, பின்னர் கோபித்தது. ஆணைக்குழுவின் உறுப்பினர் கொலின் புகனன் தனியாக மறுப்பறிக்கை எழுதினார். 1971 இல் அரசாங்கம் ஆணைக்குழு சொன்ன இடத்தை விட்டு வேறிடத்தைத் தெரிவு செய்தது. 1974 இல் அதையும் கைவிட்டது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அந்தத் தேவாலயத்துக்கு என்ன விலை போடப்பட்டது என்பது மக்களுக்குத் தெரிந்திருந்தது. நமது ஊர்களில் வீதி அகலிப்பின்போது வெட்டப்பட்ட மருத மரங்களுக்கு ஏதாவது விலை போடப்பட்டதா, போடப்படவே இல்லையா என்பதுகூட நமக்குத் தெரியாது.

எண்ணுவதில் இன்னுமொரு சிக்கல் உண்டு. அதை நான் புத்தகத்திலே கற்கவில்லை. 1990 ஜூனில் யாழ்தேவி நின்றது. ஆனையிறவுப் பாதையும் பூட்டப்பட்டது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் குடாநாட்டிலிருந்து வெளியேற வேண்டியவர்கள் கிளாலியில் இருந்து இரவிலே படகேறிக் கடனீரேரியைக் கடந்தோம். மாணவர்கள், நோயாளிகள், வயோதிபர், சவப்பெட்டியோடு திரும்பியவர்கள். அந்தப் படகுகளில் போனவர்கள் எத்தனை ஆயிரம் என்று கணக்கெடுத்தவர் எவருமில்லை. அப்படிப் போய்த் திரும்பி வராமல் இறந்தவர்களும் உண்டு. அதே காலத்தில் அரசாங்கத்தின் ஏதாவதொரு பதிவேட்டில் ஏ-9 வீதியின் அந்தப் பகுதிக்குப் போக்குவரத்து "இல்லை" என்றே இருந்திருக்கும்.

பூநகரிக்கும் கேரதீவுக்கும் இடையில் சங்குப்பிட்டியில் 288 மீற்றர் நீளமான பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய நாள் அவ்விடத்தில் நின்று வாகனங்களை எண்ணியிருந்தால் விடை பூச்சியம். பூச்சியத்தை எந்த வளர்ச்சி வீதத்தால் பெருக்கினாலும் பூச்சியமே வரும். திறக்கப்பட்டதன் பின்னர் மன்னாரில் இருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்களும், மீன் லொறிகளும், ஆஸ்பத்திரிக்கு வருகின்றவர்களும் அதன் வழியாகவே வருகிறார்கள். வீதி எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பாலத்துக்கு நியாயம் கிடைத்திராது. சுற்றிப் போனவர்களை எண்ண வேண்டும். போகாமலே விட்டவர்களையும் எப்படியாவது எண்ண வேண்டும். போர் நடந்த நிலத்திலே இது பொருளியல் நுட்பம் சார்ந்த விடயம் மட்டுமல்ல. மக்கள் வெளியேறிய இடத்தில் எண்ணிக்கை குறைவு. எண்ணிக்கை குறைவென்பதால் பஸ் குறைவு. பஸ் குறைவென்பதால் எஞ்சியிருப்பவர்களும் வெளியேறுகிறார்கள். அடுத்த கணக்கெடுப்பு முன்னைய கணக்கெடுப்பு சரியென்று நிரூபிக்கிறது.

நெடுந்தீவுக்குப் போகின்ற படகிலே இதை நன்றாகக் காணலாம். குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடற்பயணம். குமுதினி, வடதாரகை என்ற பெயர்களைத் தெரியாத தீவகத்தவர் இல்லை. கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகு ஓடாது. தீவிலே இப்போது வாழ்பவர்கள் சில ஆயிரம் பேர். எழுபதுகளில் வாழ்ந்தவர்களோடு பார்க்கையில் மிகவும் குறைவு. ஏனையோர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிறார்கள். சம்பளத்தை வைத்து மணித்தியாலத்தை விலை போடுகின்ற முறையிலே ஒரு நல்ல படகு நெடுந்தீவுக்கு ஒருபோதும் கட்டுப்படியாகாது. கடற்றொழிலாளியின் நேரம் மலிவு. மேய்ச்சற் காரனின் நேரம் அதைவிட மலிவு. நோயாளிக்கு நேரமே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அப்படகில் எனக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். நான் குறிப்புப் புத்தகத்துடன் தலைகளை எண்ணிக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, "என்ன தம்பி, சனத்தை எண்ணுறீரோ?" என்று கேட்டார். ஐம்பதைக் கடந்த என்னைத் தம்பி என்றழைக்க அவருக்கு வயதும் உரிமையும் இருந்தன. ஓமென்றேன். "என்ர மூத்தவள் பிள்ளையளைப் படிப்பிக்கவெண்டு போன தையோட கந்தர்மடத்துக்குப் போட்டாள். ரியூசனுக்குப் போட்டு வாறதுக்குப் படகு இல்லை. அவளையும் ரண்டு பிள்ளையளையும் சேர்த்து எழுதும்" என்றார். நான் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 3 என்ற எண் தனியாக இருக்கிறது. மொத்தத்தில் அதைச் சேர்ப்பதற்கு எனக்குத் தெரிந்த நிரல் எதுவும் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பின்னர் சாத்தியவள அறிக்கையைக் கேட்டால் புன்னகையோடு மட்டும் நம்மை அனுப்பிவிட முடியாது. எழுத்திலே பதில் தரவேண்டும். தீவகப் படகுச் சேவையின் நேரசூசி எந்தப் பயணிகள் கணக்கெடுப்பை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது, அது எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது, படகு ஓடாத நாட்களில் இறங்குதுறையில் காத்திருந்து திரும்பியவர்கள் அதிலே சேர்க்கப்பட்டார்களா என்று மூன்று கேள்விகளை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கடிதம் கிடைத்ததாக ஓர் அட்டை வந்திருக்கிறது. மற்றைய பதில் வந்ததும் எழுதுகிறேன்.